ஆன் செய்ததும் விழும் லேப்டாப்: முதலில் விழுந்த இடத்தைப் பாருங்கள்

பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, லோகோவும் வருகிறது. அடுத்த நொடி பொட்டென்று அணைந்துவிடுகிறது. அல்லது நீலத்திரையை (விண்டோஸ் தடுமாறி நிற்கும்போது வரும் பிழைத் திரை) காட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இரண்டையும் இங்கே விழுதல் என்கிறேன். இதற்கு எல்லோரும் சொல்லும் கைவைத்தியம், "விண்டோஸை அழித்துவிட்டுப் புதுசா போடுங்க." பெரும்பாலும் அது வீண் வேலை. ரேம் கெட்ட மெஷினில் புது விண்டோஸும் அதே மாதிரி விழும். டிஸ்க் சாகக் கிடக்கும் மெஷினில் போட்டால், உள்ளே இருந்த படங்களும் கணக்குகளும் அதோடு போய்விடும்.

லேப்டாப் ஆன் ஆவது ஒரே வேலை அல்ல, ஒன்று இன்னொன்றின் தோளில் ஏறும் ஏணி வேலை. மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் முதலில் மின்சாரத்தைத் திறந்துவிடும். அடுத்து போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் எழுந்து ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும். இப்போது வருபவை எல்லாம் அதன் புது வாரிசான யூஇஎஃப்ஐதான், ஆனாலும் வாயில் வருவது பயாஸ் என்றுதான், இங்கும் அப்படியே சொல்கிறேன். கம்பெனி லோகோ தெரிவது இந்தக் கட்டத்தில். பிறகு டிஸ்கில் உள்ள பூட் மேனேஜர், அதன்பின் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், வன்பொருளை இயக்கும் சின்ன நிரல்களான டிரைவர்களில் தொடக்கத்தில் தேவையானவையும். லோகோவுக்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றுவது அப்போதுதான். கடைசியாக கிராபிக்ஸ் டிரைவர், சர்வீஸ்கள், லாகின் திரை, டெஸ்க்டாப். எந்தப் படியில் கால் இடறுகிறதோ அந்தப் படியில்தான் சந்தேகத்தை வைக்க வேண்டும். லோகோவே வராத மெஷினில் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை, விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

இதற்குச் சிறந்த கருவி கையில் இருக்கும் மொபைல்தான். கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து, பட்டனை அழுத்துவதிலிருந்து விழும் வரை மூன்று தடவை படம் பிடியுங்கள். கண்ணுக்கு "டக்"கென்று போனதாகத் தெரிவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், நடுவில் கால் நொடி நேரம் நீலத்திரை வந்து போயிருக்கும். அதன் கீழ்ப்பக்கம் ஸ்டாப் கோடு, அதாவது ஏன் நின்றது என்று சொல்லும் குறியீடு, இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அதற்கு அடியிலேயே குற்றவாளி டிரைவரின் கோப்புப் பெயரும் இருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 2025 முதல் இந்தத் திரை நீலத்திலிருந்து கறுப்புக்கு மாறிவிட்டது, சோக முகமும் இல்லை. கறுப்பில் இரண்டு வரி எழுத்து வந்து மறைந்தால் அதுவும் நீலத்திரைதான்.

மூன்று வீடியோவிலும் விழும் இடம் ஒன்றேதானா, கோடு ஒன்றேதானா என்று பாருங்கள். ஒரே இடத்தில், ஒரே கோடோடு விழுந்தால் டிரைவர், கெட்டுப்போன சிஸ்டம் கோப்பு அல்லது டிஸ்க் பக்கம் தேடலாம். ஒரு தடவை லோகோவில், அடுத்த தடவை லாகினில், அதற்கடுத்த தடவை வேறொரு கோடு என்று அலைந்தால் ரேம், மின்சாரம், சூடு இந்த மூன்றில் ஒன்று. இந்த ஒரு கேள்வியே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

கை வைக்கும் முன்

பிட்லாக்கர் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட டிஸ்காக இருந்தால், பயாஸில் எதையாவது மாற்றினாலோ ரிப்பேர் திரைக்குள் போனாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததுமே இந்தப் பூட்டு தானாகப் போடப்பட்டிருக்கும், வைத்திருப்பவருக்கே தெரியாது. வேறொரு கருவியில் அதே கணக்கில் நுழைந்து கீயை எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் கீ ஐடி பிரிவில் இருக்கும், அவர்களைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ரேமைக் கழற்றி, பயாஸை ரீசெட் செய்து, டிரைவரையும் நீக்கிவிட்டு ஆன் செய்து ஓடிவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த வாரம் திரும்ப விழும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கீபோர்டுக்குக் கீழே டச்பேட் மேலே எம்பி நிற்கிறதா, அடிப்பக்கம் மேசையில் சமமாக உட்காராமல் ஆடுகிறதா என்றும் பாருங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் சோதனை எல்லாம் அங்கேயே நிறுத்தம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், நெம்பி எடுக்கவும் வேண்டாம். உள்ளே லித்தியம், குத்தினால் தீப்பிடிக்கும்.

செய்தியே இல்லாமல் அணைந்தால்

நீலத்திரையும் இல்லை, எழுத்தும் இல்லை, விளக்கோடு சேர்ந்து எல்லாம் அணைந்துவிடுகிறது என்றால் முதலில் மின்சாரம். பென் டிரைவ், மவுஸ், மெமரி கார்டு, டாக், வெளி மானிட்டர் அத்தனையையும் பிடுங்குங்கள். சார்ஜரையும் பிடுங்கி, பேட்டரி வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து கட்டுப்பாட்டுச் சிப் புதிதாகத் தொடங்கும். கேட்பதற்கு மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் அந்தச் சிப் சிக்கிக்கொண்டு நிற்பது நிஜமாகவே நடக்கும் கோளாறு.

பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஒரு முறை, சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் மட்டும் ஒரு முறை ஆன் செய்து பாருங்கள். சார்ஜரில் ஓடி, பேட்டரியில் 40 சதவீதம் காட்டும்போதே விழுந்தால் பேட்டரி முதுமையடைந்துவிட்டது. பூட் ஆகும்போது பிராசஸர் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும். வயதான செல்களின் உள் மின்தடை கூடியிருப்பதால் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து, போர்டு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சும்மா இருக்கும்போது காட்டும் சதவீதம் இதைச் சொல்லாது.

பேட்டரியில் ஓடி சார்ஜரில் விழுந்தால் அடாப்டரின் முதுகைப் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றிருந்தால் 65 வாட். லேப்டாப்பின் அடியில் அதே வோல்ட்டும், அதே அளவோ குறைவோ ஆம்பியரும் எழுதியிருக்க வேண்டும். 65 வாட் கேட்கும் மெஷினுக்கு 45 வாட் போட்டால் சார்ஜ் மெதுவாக ஏறும், பேட்டரியும் பலவீனமாக இருந்தால் பூட் ஆகும்போதே விழும். டைப் சி சார்ஜரில் இன்னொரு வம்பு. சார்ஜரும் லேப்டாப்பும் பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் 20 வோல்ட் வரும், அதுவரை 5 வோல்ட்தான். மொபைல் சார்ஜரில் அந்தப் பேச்சு 20 வரை போகாது. 60 வாட்டுக்கு மேல் வேண்டும் என்றால் கேபிளும் 5 ஆம்பியர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சார்ஜர் சரியாக இருந்து கேபிள் சாதாரணமானதாக இருந்து ஏமாறுவது அடிக்கடி நடப்பது.

சூட்டினால் அணைவதற்கு ஓர் அடையாளம் உண்டு. முதல் தடவை ஐந்து நிமிடம் ஓடும், உடனே மறுபடி போட்டால் ஒரு நிமிடம், அதற்கடுத்து முப்பது நொடி. அரை மணி ஆறவிட்டால் மறுபடி ஐந்து நிமிடம். இப்படி நேரம் சுருங்கிக்கொண்டே போனால் காதை அடிப்பக்கம் வைத்து விசிறி சுழலும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். இன்றைய பிராசஸர்கள் பெரும்பாலும் 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் அருகே வேகத்தைக் குறைக்கும், அதையும் தாண்டினால் தானே அணைந்துவிடும். விசிறிக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் நடுவே தூசு பஞ்சுப்பாய் மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அந்தப் பாய் உள்ளேயே இன்னும் இறுகும், விசிறியைக் கழற்றி எடுப்பதுதான் சரி. ஹீட்சிங்கைத் தூக்கினால் பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சிப் மேல் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட். திருகாணிகளின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தகடு சாய்ந்து ஒரு மூலை சிப்பைத் தொடாமல் நிற்கும்.

பயாஸில் உட்கார வைத்துப் பாருங்கள்

வன்பொருளா மென்பொருளா என்று பிரிக்கக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் (சிலவற்றில் எஃப்10, எஃப்1) தட்டி பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய், எதையும் மாற்றாமல் இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். அங்கே விண்டோஸ் கிடையாது, டிரைவர் கிடையாது. அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் நிரபராதி. அணையாமல் நின்றால் வன்பொருள் முழுக்க நல்லது என்று அர்த்தமல்ல, அந்தத் திரையில் கிராபிக்ஸுக்கும் டிஸ்குக்கும் வேலையே இல்லை. மின்சாரம், சூடு இரண்டின் மேலிருந்த சந்தேகம் குறைகிறது, அவ்வளவே.

உள்ளே போனபோதே தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் போர்டில் உள்ள காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. பல லேப்டாப்களில் அது சிஆர்2032, 3 வோல்ட். இது சும்மா கடிகாரக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள், ஆனால் இதன் வால் நீளம். பேட்டரி தீர்ந்தால் சில மெஷின்களில் பயாஸ் தன் ஆரம்ப அமைப்புகளுக்குத் திரும்பிவிடும். டிஸ்கை அணுகும் முறை ஏஎச்சிஐ என்று இருந்தது ரெய்டு என்றோ, இன்டெலில் விஎம்டி என்றோ மாறும். விண்டோஸுக்கு அந்த முறைக்கான டிரைவர் தொடக்கத்தில் ஏறாது. "இன்ஆக்ஸெஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத்திரை. டிஸ்கும் நல்லது, விண்டோஸும் நல்லது, மாறியது ஒரு வரி அமைப்பு. அதைப் பழையபடி மாற்றினால் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து வரும். எத்தனையோ டிஸ்குகள் இதற்காக ஃபார்மட் செய்யப்பட்டிருக்கின்றன.

ரேம்

விழும் இடமும் கோடும் தடவைக்குத் தடவை மாறினால் நேராக இங்கே வாருங்கள். "மெமரி மேனேஜ்மென்ட்", "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா", "ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்" மூன்றும் கலந்து வந்தால் இன்னும் உறுதி. இவற்றில் ஒன்று மட்டும், அதே டிரைவர் பெயரோடு திரும்பத் திரும்ப வந்தால் ரேம் அல்ல, அந்த டிரைவர்தான்.

சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் போர்டிலிருந்து விடுவிப்பது. இதைத் தவிர்த்துவிட்டு ரேமைத் தொட்டால், அணைத்த லேப்டாப்பிலும் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம் போர்டைச் சுட்டுவிடலாம். பிறகு பவர் பட்டனை 15 நொடி அழுத்துங்கள். ஏதாவது உலோகத்தைத் தொட்டு உங்கள் உடம்பில் உள்ள நிலைமின்னையும் இறக்கிவிடுங்கள்.

ரேம் பலகையின் இரண்டு பக்கமும் வெள்ளி நிறத்தில் இரண்டு கவ்விகள் இருக்கும். இரண்டு கட்டை விரலாலும் அவற்றை ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாகத் தள்ளினால் பலகை தானே சுமார் 30 டிகிரி எழும்பி நிற்கும். அந்தச் சாய்விலேயே இழுங்கள், நேராக மேலே தூக்காதீர்கள். தங்க நிறக் கால்களின் வரிசையில் மங்கலான கறை இருந்தால், வெள்ளை ரப்பரால் கால்களின் நீளவாக்கில் மென்மையாகத் தேய்த்து, துகள் ஒன்றுகூட ஸ்லாட்டில் விழாதபடி துடைத்துவிடுங்கள். திரும்பப் போடும்போதும் அதே சாய்வு. தங்கக் கால்கள் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உள்ளே போன பிறகே பலகையைக் கீழே அழுத்த வேண்டும். இரண்டு கவ்வியும் "கிளிக்" என்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்பதுதான் "ரேம் மாற்றிய பிறகு பூட் ஆகவில்லை" என்னும் புகாரின் பாதிக் கதை. டிடிஆர்4-க்கு 260 கால், டிடிஆர்5-க்கு 262, நடுவெட்டும் வேறு இடத்தில். ஒன்றை மற்றதில் திணிக்க முடியாது, முயலவும் வேண்டாம்.

இரண்டு பலகை இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பிறகு அதே பலகை மற்ற ஸ்லாட்டில். பிறகு இன்னொரு பலகை. நான்கு சேர்க்கை, நான்கு விடை. பலகையைத் தொடர்ந்து கோளாறு போனால் பலகை கெட்டது, ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டு. பாதி ரேம் போர்டிலேயே பற்றவைத்து, ஒரே ஒரு ஸ்லாட் உள்ள மாடல்களில் ஸ்லாட்டில் இருப்பதைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். டிடிஆர்5 மெஷினில் ரேமை மாற்றியதும் முதல் தடவை சில நிமிடம் வரை கறுப்புத் திரையாகவே நிற்கலாம். ரேமோடு வேகத்தைப் பழகிக்கொள்கிறது. அந்த நேரத்தில் பொறுமையில்லாமல் பட்டனை அழுத்தி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து பழகும், நீங்களும் "போர்டு போச்சு" என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

ஆன் ஆகிற அளவுக்கு உயிர் இருந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ வேறொரு கணினியில் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து நான்கு சுற்று ஓடவிடுங்கள். 16 ஜிபி ரேமுக்கு அது பல மணி நேரம் இழுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது நல்லது. சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். "ஒன்றுதானே" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் பிழை சொன்னால் நம்பலாம், பிழை இல்லை என்றால் மெம்டெஸ்ட்டையும் கேளுங்கள்.

டிஸ்க்

டிஸ்க் தளர்ந்ததற்கு அடையாளம் தயக்கம். லோகோ வழக்கத்தைவிட நெடுநேரம் நிற்கும், புள்ளிகள் சுற்றிச் சுற்றி உறையும், ஒரு நாள் பயாஸில் டிஸ்கின் பெயர் தெரியும், மறுநாள் தெரியாது. பழைய சுழலும் டிஸ்க் என்றால் "டிக், டிக்" என்று ஒரே தாளத்தில் தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் ஒரு தடவைகூட வீணாக ஆன் செய்யாதீர்கள்.

டேட்டாவை முதலில் எடுத்துவிடுங்கள். 8 ஜிபி பென் டிரைவில் உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை ஏற்றி, நிறுவாமல் நேரடியாக அதிலிருந்தே ஓடச் செய்து, கோப்புகளை வெளி டிஸ்குக்கு நகலெடுக்கலாம். இதே லினக்ஸ் ஒரு சோதனையும் ஆகும். பென் டிரைவிலிருந்து ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டியும் விழவில்லை என்றால் ரேம், பிராசஸர், மின்சாரம் ஏறக்குறைய விடுதலை. மிச்சம் டிஸ்கும் விண்டோஸும்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். மேலே "குட்" என்று நீலத்தில் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். சாட்டா டிஸ்கில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே கைவிட்டு மாற்றிய பகுதிகள், சி5 படிக்க முடியாமல் காத்திருப்பவை, சி6 மீட்க முடியாதவை. சி5 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் டிஸ்கை மாற்றும் நாள் வந்துவிட்டது. சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் அல்ல, கேபிளோ கனெக்டரோதான் குற்றவாளி. போர்டில் நேராகச் செருகும் என்விஎம்இ எஸ்எஸ்டி வகையில் "மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எர்ரர்ஸ்" என்ற வரி பூஜ்யமாக இருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் தவறு, டிஸ்க் சந்தேகம் என்றதும் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்கை "/ஆர்" சேர்த்து ஓடவிடுவது. அது டிஸ்கின் ஒவ்வொரு அங்குலத்தையும் படிக்கும். நல்ல டிஸ்குக்குப் பரவாயில்லை, மூச்சு வாங்கும் டிஸ்குக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடும். நகல் எடுத்து முடித்த பிறகுதான் செக்டிஸ்க். அதுவும் முதலில் "/எஃப்" மட்டும்.

விண்டோஸ் பக்கம்

பயாஸும் ரேமும் டிஸ்கும் தேறிவிட்டன, புள்ளிகள் சுற்றும்போதோ லாகின் வரும்போதோ மட்டும் விழுகிறது என்றால் இப்போது விண்டோஸ். எஃப்8 தட்டச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்பி விரல் தேய்க்காதீர்கள், விண்டோஸ் 8 முதல் அது இயல்பாகவே அணைக்கப்பட்டுவிட்டது. புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த தடவை தானே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். எண்ணிட்ட பட்டியல் வரும். 9-ஐ அழுத்தினால் விழுந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆவது நிற்கும், நீலத்திரையை நிதானமாகப் படிக்கலாம். 4 சேஃப் மோட், 5 இணையத்தோடு சேஃப் மோட், 3 குறைந்த தெளிவுத் திரை.

சேஃப் மோடில் எழுந்துவிட்டால் பாதி வெற்றி. வெளியார் போட்ட டிரைவர்களும் சர்வீஸ்களும் பெரும்பாலும் அங்கே ஏறாது, ஆகவே கோளாறு அவற்றில் ஒன்றில்தான். லாகினுக்குச் சற்று முன், திரை ஒரு தடவை கறுத்து மீளும் நொடியில் விழுகிறதா? அப்போதுதான் கிராபிக்ஸ் டிரைவர் பொறுப்பேற்கிறது. "வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்" என்ற கோடும் அதையே சொல்லும். டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரை ரோல்பேக் செய்யுங்கள், அல்லது நீக்கிவிட்டு லேப்டாப் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரைப் போடுங்கள். மிகப் புதியதுதான் நல்லது என்று எண்ண வேண்டாம், லேப்டாப்பில் தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்ததே பாதுகாப்பு.

தொடக்கத்திலேயே ஏறும் ஒரு டிரைவர் தவறினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் சுழன்றன. அந்த டிரைவர் லாகினுக்கு முன்பே ஏறுவதால் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்ற பிறகும் பல மெஷின்களால் அதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு எழ முடியவில்லை. மருந்து சின்னதுதான். சேஃப் மோடில் போய், சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ், அதற்குள் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற ஃபோல்டரில் "சி-00000291" என்று தொடங்கும் கோப்பை அழித்தால் போதும். ஆனால் மெஷினுக்கு மெஷின் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது, அங்கும் பிட்லாக்கர் கீ கேட்டு நின்றது. ஆன்டிவைரஸைச் சந்தேகிக்கத் தயங்க வேண்டாம் என்று சொல்லத்தான் இது. இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக இருந்தால் அதையே முதலில் நீக்குங்கள்.

அப்டேட் முடிந்த மறுநாளே தொடங்கிய கோளாறு என்றால் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" இருக்கிறது. முதலில் குவாலிட்டி அப்டேட்டை நீக்கிப் பாருங்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக வருகிறது, ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் மட்டும் விழுகிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுனில் விண்டோஸ் கெர்னலை முழுசாக மூடாமல் டிஸ்கில் உறங்க வைத்து, அடுத்த நாள் அந்தப் பழைய நிலையையே எழுப்புகிறது. ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

எப்படியாவது ஒரு தடவை உள்ளே போய்விட்டால் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, கெர்னல்-பவர் 41 என்ற நிகழ்வைத் தேடுங்கள். "ஒழுங்காக மூடாமல் நின்றது" என்பது மட்டுமே அதன் பொருள், அதைக் கண்டதும் பவர் சப்ளையை மாற்றாதீர்கள். உள்ளே விவரத்தில் பக்செக்கோட் என்று ஒரு எண் இருக்கும். பூஜ்யம் என்றால் விண்டோஸுக்கு நீலத்திரை காட்டவும் அவகாசம் கிடைக்கவில்லை: மின்சாரம், சூடு, அல்லது உறைந்து நின்றதால் நீங்களே அழுத்தி அணைத்தது. பூஜ்யம் அல்லாத எண் என்றால் அது ஸ்டாப் கோடுதான், பதின்ம எண்ணாக எழுதியிருக்கும். 159 என்றால் பதினாறடிமானத்தில் 9எஃப், அதாவது "டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்". 292 என்றால் 124, "வியா அன்கரெக்டபிள் எர்ரர்", வன்பொருளே கொடுக்கும் புகார். பிராசஸர் வோல்டேஜைக் குறைத்து வைத்திருந்தால் அதை முதலில் பழையபடி ஆக்குங்கள்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு விழுதலுக்கும் டம்ப் எனப்படும் ஒரு பதிவுக் கோப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் விண்டீபக் கருவியில் திறந்து அனலைஸ் கட்டளை கொடுத்தால் டிரைவர் பெயரோடு வரும். ஃபோல்டர் காலியாக இருந்தால் அதுவும் ஒரு தடயம்: டம்ப் எழுதும் ஏற்பாடு தயாராகும் முன்பே விழுகிறது, அல்லது டிஸ்கில் எழுதவே முடியவில்லை.

சேஃப் மோடும் எழவில்லை என்றால் ரிப்பேர் திரையின் கமாண்ட் பிராம்ட். அங்கே டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கும், உங்கள் சி டிரைவ் டி ஆகியிருக்கலாம். "டிர்" கொடுத்து விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்த பிறகே எதையும் ஓட்டுங்கள். சிஸ்டம் கோப்புகளைச் சோதிக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கொடுக்கும்போது ஆஃப்பூட்டிர், ஆஃப்விண்டிர் என்ற இரண்டையும் சேர்த்து அந்த எழுத்தைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் ரிப்பேர் திரையின் சொந்தக் கோப்புகளைச் சோதித்துவிட்டு "எல்லாம் நலம்" என்று சொல்லும், அல்லது ஓடவே மறுக்கும். பூட்ரெக் ஃபிக்ஸ்பூட் கொடுத்தால் யூஇஎஃப்ஐ மெஷின்களில் "ஆக்ஸெஸ் டினைடு" என்று வந்து நிற்பது வழக்கம். அதோடு மல்லுக்கட்டாமல், டிஸ்க்பார்ட்டில் சின்ன இஎஃப்ஐ பகுதிக்கு ஓர் எழுத்து கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளைப் புதிதாக எழுதிவிடுவதே நேர்வழி. ரெக்பேக் ஃபோல்டரிலிருந்து ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் இடம்) மீட்கச் சொல்லும் குறிப்புகளும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல் அங்கே நகல் எடுப்பது இயல்பாக நிறுத்தப்பட்டுவிட்டது, கோப்புகள் பூஜ்ய அளவில் இருக்கும். அவற்றை நகலெடுத்துப் போட்டால் கொஞ்சம் கெட்டிருந்த விண்டோஸ் முழுசாகக் கெடும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: கிரப் என்ற பூட் மெனுத் திரையில் "இ" அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து பூட் செய்யுங்கள். எழுந்தால் கிராபிக்ஸ். மெனுவில் பழைய கெர்னலில் எழுந்தால் புதுக் கெர்னல். உள்ளே போனதும் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய பூட்டின் கடைசி இருபது வரியைப் படியுங்கள்.

இதற்கு மேல் போர்டு வேலை. இரண்டு பலகை ரேமிலும், வேறொரு டிஸ்கிலும், நல்ல சார்ஜரிலும் அதே மாதிரி விழுந்தால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. ரிப்பேருக்குக் கொடுக்கும்போது "ஆன் ஆகல" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் படியில் விழுகிறது, பயாஸில் எத்தனை நிமிடம் நின்றது, எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் என்ன செய்தது, ஸ்டாப் கோடு என்ன என்று ஒரு தாளில் எழுதி, வீடியோவையும் காட்டுங்கள். டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுக்கலாம். போர்டைச் சோதிக்க அது தேவையில்லை.